கூட்டுத்தொகையை மட்டும் அச்சிட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் இளைஞர்களுக்கென்று ஒரு சுயபரிசோதனை போட்டிருந்தீர்கள். மற்றவர்களோடு எப்படிப் பழகுகிறீர்கள் என்று 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், கூட்டிப் பார்த்து 50-ஐத் தாண்டினால் 'ஆளுமைக் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்' என்று கீழே ஒரு கட்டம். (ஆளுமைக் கோளாறு என்றால், ஒருவர் தன்னையும் மற்றவர்களையும் பார்க்கும் விதமும் பழகும் விதமுமே வருடக்கணக்காகச் சிக்கலாகி வாழ்க்கையை முடக்குவது.) புதன்கிழமைக்குள் அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு மூன்று பேர் என்னிடம் வந்துவிட்டார்கள். இரண்டு பேர் தாங்களே நிரப்பியவர்கள். மூன்றாவது ஒரு அம்மா. கல்லூரியில் படிக்கும் மகனுக்குத் தெரியாமல், அவனுக்குப் பதிலாக இவரே நிரப்பி, 61 என்று கூட்டி, அதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். அழுத்திச் சுற்றிச் சுற்றிப் போட்டதில் அந்த இடத்தில் தாள் கிழியும் நிலைக்கு வந்திருந்தது.

நான் மருத்துவ உளவியலாளர். 14 வருடமாக இதே வேலை, வருகிறவர்களில் பெரும்பாலோர் 18 முதல் 25 வயதுக்குள் இருப்பவர்கள். இந்த மாதிரிக் கேள்வித்தாள்களை வாரத்தில் நாலைந்து தடவையாவது நானே எடுத்துக் கொடுக்கிறேன். அதனால் கேள்வித்தாளே தப்பு என்று சொல்ல நான் எழுதவில்லை. ஒருவர் மற்றவர்களோடு எப்படிப் பழகுகிறார் என்று கேட்பது, ஆளுமைச் சிக்கல்களைப் புரிந்துகொள்ள இருக்கிற நல்ல வழிகளில் ஒன்று. எனக்குக் கோபம் வந்தது வேறு காரணத்துக்கு. அந்த வழியில் உயிரான பகுதியை விட்டுவிட்டுக் கூட்டுத்தொகையை மட்டும் அச்சிட்டிருக்கிறீர்கள்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். ஆளுமை என்பது ஒருவருக்குள் பூட்டி வைத்த பொருள் அல்ல, அவர் மற்றவர்களோடு பழகும்போதுதான் அது வெளியே தெரிகிறது என்பதை அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரி ஸ்டாக் சல்லிவன் வலியுறுத்திச் சொன்னார். அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு டிமத்தி லியரியும் அவருடைய சகாக்களும் 1950-களில் ஒரு வட்டம் வரைந்தார்கள். 1957-இல் லியரி அதைப் புத்தகமாகவே போட்டார். வட்டத்தின் மேல் முனை ஆதிக்கம், கீழ் முனை அடங்கிப்போவது. ஒரு பக்கம் அன்பு, நெருக்கம்; எதிர்ப்பக்கம் விலகல், பகை. மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பழகும் விதங்களை இந்த வட்டத்தில் எங்காவது ஓரிடத்தில் வைத்துப் பார்க்கலாம் என்பதுதான் யோசனை.

அப்புறம் 1988-இல் லியனார்ட் ஹோரோவிட்ஸ் குழுவினர் 127 வாக்கியங்கள் கொண்ட ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். ஆலோசனைக்கு வருகிறவர்கள் என்ன சொல்லிப் புலம்புகிறார்கள் என்பதைக் கேட்டுத் திரட்டியதிலிருந்து உருவான வாக்கியங்கள் அவை. வாக்கியங்கள் இரண்டு வகை. 'இதைச் செய்வது எனக்குக் கடினம்' என்பது ஒன்று, 'இதை நான் அளவுக்கு மீறிச் செய்கிறேன்' என்பது இன்னொன்று. 1990-இல் வேறு சில ஆராய்ச்சியாளர்கள் அதிலிருந்து 64 வாக்கியங்களைத் தேர்ந்தெடுத்து, லியரியின் வட்டத்தைப் போலவே எட்டுத் திசைகளில், திசைக்கு எட்டு வாக்கியமாக அடுக்கினார்கள். அடக்கி ஆள்வது, யாரையும் நம்பாமல் பழியை மனதில் வைத்திருப்பது, ஒட்டாமல் இருப்பது, கூச்சப்பட்டு ஒதுங்குவது, தன் தேவையை வாய் திறந்து சொல்ல முடியாமல் போவது, மற்றவர்களுக்கு ஏமாந்துகொடுப்பது, தன்னை மறந்து மற்றவர்களுக்கே ஓடிக்கொண்டிருப்பது, கேட்காமலே அடுத்தவர் விஷயத்தில் தலையிடுவது. இந்த எட்டுதான். நான் பயன்படுத்துவது பெரும்பாலும் இதைத்தான், உங்கள் பக்கத்தில் வந்த 20 கேள்விகளும் இதன் சாயலில்தான் இருந்தன.

இதில் நிரப்பி முடித்ததும் இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஒன்று மொத்தம். இன்னொன்று வடிவம், அதாவது எட்டுத் திசைகளில் எது ஏறியிருக்கிறது, எது இறங்கியிருக்கிறது என்பது. மொத்தம் என்ன சொல்கிறதென்றால், இந்த ஆள் மனிதர்களோடு பழகுவதில் எவ்வளவு சிரமப்படுகிறார் என்பதைச் சொல்கிறது. அவ்வளவுதான். ஆளுமைக் கோளாறு தீவிரமாக இருக்கிறவருக்கு மொத்தம் ஏறும் என்பது உண்மை. ஆனால் மனச்சோர்வில் இருக்கிறவருக்கும் ஏறும், போன வாரம் காதல் முறிந்தவருக்கும் ஏறும், தன்னைப் பற்றி எதைக் கேட்டாலும் குறையாகவே பதில் சொல்லப் பழகிவிட்டவருக்கும் ஏறும். வந்த மூன்று பேரில் ஒருவருக்கு இரண்டு மாதமாகத் தூக்கமே சரியில்லை, சாப்பாடு இறங்கவில்லை, காலையில் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. அவருடைய மதிப்பெண் 54. அவரிடம் முதலில் பேச வேண்டியது மனச்சோர்வைப் பற்றி. அதைச் சரிசெய்துவிட்டு மூன்று மாதம் கழித்து அதே தாளைக் கொடுத்தால் அந்த 54 அப்படியே நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வடிவம்தான் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறது. ஒரே மொத்தம் வாங்கிய இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஏறியிருப்பது ஒதுங்குவதும் வாய் திறக்க முடியாததும். அவர் மனிதர்களை விரும்புகிறார், ஆனால் தன்னை வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து விலகி நிற்கிறார். அது தவிர்க்கும் வகை ஆளுமைப் பண்புகளின் பக்கம். இன்னொருவருக்கு ஏறியிருப்பது அடக்கி ஆள்வதும் யாரையும் நம்பாததும். அது தன்மோகம் (நார்சிசிசம்), சந்தேகம் என்கிற பக்கம். சார்ந்திருக்கும் வகைப் பண்புகள் இருக்கிறவர் அன்பின் பக்கமாக, ஆனால் கீழே, ஏமாந்துகொடுக்கிற இடத்தில் வந்து நிற்பார். இவர்கள் மூவருக்கும் தேவைப்படும் உதவி வேறு வேறு. முதலாமவரைப் பேச வைக்க வேண்டும். இரண்டாமவரை மற்றவர் பேசுவதைக் கேட்க வைக்க வேண்டும். உங்கள் கட்டம் இவர்களை ஒரே வரிசையில் நிறுத்தி ஒரே பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டது.

சரி, வடிவம் பார்த்தால் போதுமா என்றால் அதுவும் போதாது. எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்று தமிழிலும், பார்டர்லைன் என்று இளைஞர்கள் வாயிலும் இப்போது அடிக்கடி அடிபடுகிற ஒன்று இருக்கிறதே, அது இந்த வட்டத்தில் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ஏனென்றால் அதன் குணமே நிற்காததுதான். காலையில் ஒருவரைத் தெய்வமாகப் பார்ப்பது, மாலையில் அவர் ஒரு குறுஞ்செய்திக்குப் பதில் போடவில்லை என்றதும் துரோகியாகப் பார்ப்பது, ராத்திரி மறுபடியும் அழுது காலைப் பிடிப்பது. இப்படி ஒரே நாளில் வட்டத்தின் எல்லாப் பக்கமும் போய்வருகிறவரிடம் 'பொதுவாக நீங்கள் எப்படி?' என்று ஒரு தாளில் கேட்டால் அவர் சராசரியைத்தான் எழுதுவார். ஆராய்ச்சியாளர்கள் இதற்காக வேறு முறையைக் கையாண்டிருக்கிறார்கள். யாரோடாவது பேசி முடித்த ஒவ்வொரு தடவையும் அப்போதைக்கப்போதே ஒரு சின்னப் படிவத்தை, நாள் கணக்கில், வாரக் கணக்கில் நிரப்பச் சொல்கிறார்கள். அப்போது சராசரி மறைத்துவிட்ட ஊசலாட்டம் கண்ணுக்குத் தெரிகிறது.

இதை எனக்குப் புரியவைத்தது ஆராய்ச்சிக் கட்டுரை இல்லை, 21 வயதுப் பெண் ஒருத்தி. (அவளிடம் அனுமதி கேட்டு, அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன்.) நான் வேலைக்கு வந்த மூன்றாவது வருடம். அந்த 64 வாக்கியத் தாளைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து வேறு ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். 'மற்றவர்களிடம் முடியாது என்று சொல்வது எனக்குக் கடினம்' என்கிற வாக்கியத்தில் பேனா நின்றுவிட்டது. 3-ஐ வட்டமிட்டாள், அடித்தாள், 1-ஐ வட்டமிட்டாள், அதையும் அடித்தாள். கடைசியில் நிமிர்ந்து, "மேடம், யார்கிட்ட?" என்றாள். நான் அப்போது பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, "பொதுவா எப்படின்னு போடும்மா" என்றேன். அவள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு அதே வரியில் 0-க்கு ஒரு வட்டம், 4-க்கு ஒரு வட்டம், இரண்டும் போட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டாள்.

விதிப்படி அந்தப் பதில் செல்லாது. மதிப்பெண் போடும்போது அந்த வரியை விட்டுவிட வேண்டும். ஆனால் அடுத்த எட்டு மாதமும் நாங்கள் பேசியது அந்த ஒரு வரியைப் பற்றித்தான். அலுவலகத்தில் மேலாளரிடம் தயங்காமல் முடியாது என்று சொல்லிவிடுவாள். தோழிகளிடமும் சொல்வாள். தன்னை விட்டுப் போய்விடுவான் என்று பயந்த ஒருவனிடம் மட்டும் எதற்கும் முடியாது என்று சொன்னதில்லை, பணம் கேட்டபோதும் சரி, மற்றவர்களோடு பேசாதே என்றபோதும் சரி. 0 யாருக்கு, 4 யாருக்கு என்று கேட்டிருந்தால் முதல் நாளே இதெல்லாம் வந்திருக்கும். அன்றிலிருந்து இந்தத் தாளைக் கொடுக்கும்போது ஓரத்தில் இடம் விட்டே கொடுக்கிறேன், யாரை நினைத்துக்கொண்டு பதில் போட்டீர்களோ அவர் யார் என்று எழுதச் சொல்லி. அம்மா, அப்பா, விடுதி நண்பன், முன்னாள் காதலி என்று எழுதுவார்கள். மதிப்பெண் கணக்கில் அது சேராது. எனக்கு முதலில் கண் போவது அந்த ஓரத்துக்குத்தான்.

உங்கள் கட்டத்தில் இருந்த 50 என்கிற எண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இதைத் தாண்டினால் கோளாறு என்று ஒரு வரம்பு வைக்கிறோம் என்றால் அதற்குப் பின்னால் கணக்கு இருக்க வேண்டும். கணக்குக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், 1000 இளைஞர்களில் 20 பேருக்கு ஒரு குறிப்பிட்ட கோளாறு இருக்கிறது. உங்கள் பரிசோதனை ரொம்ப நல்ல பரிசோதனை, அந்த 20 பேரில் 16 பேரைச் சரியாகப் பிடித்துவிடுகிறது, மீதி 980 பேரில் பத்தில் ஒருவரைத்தான் தவறாகப் பிடிக்கிறது. பத்தில் ஒன்று என்றால் 98 பேர். ஆக 114 பேரிடம் 'உனக்கு இருக்கிறது' என்று சொல்லியிருப்பீர்கள், அதில் உண்மையில் இருப்பது 16 பேருக்கு, ஏழில் ஒருவருக்குத்தான். இவ்வளவு நல்ல பரிசோதனைக்கே இந்தக் கதி. பால் மீல், ஆல்பர்ட் ரோசன் என்ற இருவர் 1955-லேயே இந்த எச்சரிக்கையை எழுதிவைத்துவிட்டார்கள். சிகிச்சைக்கு வருகிறவர்களிடையே நன்றாக வேலை செய்யும் ஒரு வரம்பை, பத்திரிகை வாங்குகிற எல்லோர் மேலும் வைத்துப் பார்க்க முடியாது.

இன்னொன்று, எழுதியிருப்பது தனக்கே பொருந்துகிறது என்று தோன்றுவதை நம்பக் கூடாது. 1949-இல் வெளியான ஒரு ஆய்வில் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு ஆளுமைப் பரிசோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி முடிவு என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருத்தம் என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள்! வந்தவர்களில் இரண்டாவது பையன் என்னிடம் சொன்னதும் இதேதான், "அப்படியே என்னைப் பத்தி எழுதின மாதிரி இருந்துச்சு மேடம்." அவன் பயந்துபோயிருந்தான். 19 வயதில் நட்பு முறிவதும், யாரையோ நம்பி ஏமாறுவதும், நான் யார் என்று தெரியாமல் தவிப்பதும் பெரும்பாலோருக்கு நடக்கிறது. அது வருடக்கணக்காக, வீடு, நட்பு, வேலை என்று எல்லா இடத்திலும், வாழ்க்கையே நகராத அளவுக்கு நடக்கிறதா என்பதுதான் கேள்வி. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் பத்து நிமிடத்தில் நிரப்பும் தாள் சொல்லாது.

அதற்காக, சின்ன வயது, தானாகச் சரியாகிவிடும், பேரே சொல்ல வேண்டாம் என்கிற கட்சியும் நான் இல்லை. அதையும் நிறையப் பார்த்துவிட்டேன். 'எல்லாம் வயசுக்கோளாறு' என்று சொல்லிச் சொல்லியே, உதவி கிடைத்திருக்க வேண்டிய நாலைந்து வருடத்தைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஆளுமைக் கோளாறு பொதுவாகப் பதின்வயதிலோ இளவயதிலோதான் தலைகாட்டுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு, 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கூட, குறைந்தது ஒரு வருடமாவது தொடர்ந்து இருந்தால் இந்த நோயறிதலைத் தர இடம் கொடுக்கிறது. சமூக விரோத ஆளுமைக் கோளாறுக்கு மட்டும் 18 ஆகியிருக்க வேண்டும். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புதிய வகைப்பாடு, பழைய பெயர்ப்பட்டியலைப் பெருமளவு கைவிட்டுவிட்டு, முதலில் எவ்வளவு தீவிரம் என்று பார், லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்கிறது. அதைத் தீர்மானிக்க அது கேட்கிற கேள்விகளில் முக்கியமானது, இந்த ஆள் உறவுகளை எப்படி வைத்திருக்கிறார் என்பது. எல்லைக்கோட்டு வகையை மட்டும் தனி அடையாளமாக விட்டுவைத்திருக்கிறது. அதாவது, பழகும் விதத்தைக் கேட்பது முன்னைவிட இப்போதுதான் அதிக மதிப்பு பெற்றிருக்கிறது. அதனால்தான் அதை ஒழுங்காகக் கேளுங்கள் என்கிறேன்.

உங்கள் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லாத விஷயம், இது மாறும் என்பது. அமெரிக்காவில் மேரி சனாரினி குழுவினர், எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 290 பேரைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். 10 வருடத்தில் 93 சதவீதம் பேருக்கு, குறைந்தது இரண்டு வருடமாவது நீடிக்கிற அளவுக்கு அறிகுறிகள் தணிந்திருந்தன. நல்ல உறவும் நிலையான வேலையும் சேர்ந்த முழு மீட்சி என்று பார்த்தால் ஏறக்குறைய பாதிப்பேர்தான். பாதிதானா என்று தோன்றலாம். ஆனால் அவர்கள் மருத்துவமனைக்குள் போகும் அளவுக்கு மோசமாக இருந்தவர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்தக் கோளாறுக்கு இன்று உலகெங்கும் பயன்படுகிற ஒரு சிகிச்சையை உருவாக்கிய மார்ஷா லைனஹன், தானே இளவயதில் மனநல மருத்துவமனையில் நீண்ட நாள் இருந்தவர் என்பதை 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். 61-ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடுகிற ஒரு தாய்க்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. 50 என்கிற அந்த வரம்பையும் அதன் கீழே இருந்த வாக்கியத்தையும் வரும் ஞாயிறு இதழில் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், அதே அளவு எழுத்தில். கேள்விகள் இருக்கட்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'யாரிடம்?' என்று ஒரு இடம் விடுங்கள். கடந்த சில வாரமாகத் தூக்கம், பசி, மனநிலை எப்படி என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு மற்றதைக் கேளுங்கள். இந்தத் தாளை மகனுக்காகவோ காதலிக்காகவோ மனைவிக்காகவோ அவர்களுக்குத் தெரியாமல் நிரப்ப வேண்டாம் என்று தடித்த எழுத்தில் போடுங்கள், ஏனென்றால் சண்டையில் 'நீ நார்சிசிஸ்ட்' என்று முகத்தில் வீசுவதற்குத்தான் பல வீடுகளில் இது பயன்படப்போகிறது. அப்புறம், தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ சாக வேண்டும் என்கிற எண்ணமோ இருந்தால், மதிப்பெண் 5 ஆனாலும் 75 ஆனாலும், தாளை மூடிவைத்துவிட்டு உடனே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லவும், மருத்துவமனைக்குப் போகவும் வேண்டும் என்று எழுதுங்கள். அது முதல் பக்கத்திலேயே வரலாம்.

அந்த 61 பற்றிச் சொல்லி முடிக்கிறேன். (அம்மா, மகன் இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் இதையும் எழுதுகிறேன்.) மகனுக்குத் தெரியாமல் எதுவும் செய்ய மாட்டேன் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவரே வீட்டுக்குப் போய் அவனிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறார், முதலில் கத்தியிருக்கிறான், இரண்டு நாள் பேசவில்லை, ஆனால் நேற்று வந்தான். அவனே 20 கேள்விக்கும் பதில் போட்டான். 17 வந்தது. இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதும் கூட இருப்பவர் அவரைப் பற்றிச் சொல்வதும் முழுக்க ஒத்துப்போவது எங்கள் துறையில் அபூர்வம், அதனால் யார் சொல்வது சரி என்று நான் பார்க்கவில்லை, எந்தக் கேள்வியில் அதிகம் விலகியிருக்கிறது என்று பார்த்தேன். ஒன்பதாவது கேள்வி. மனதில் இருப்பதை மற்றவர்களிடம் சொல்வது கடினமா என்பது அது. அம்மா 4 போட்டிருந்தார், மகன் 0. அவன் அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பேனாவை வாங்கித் தன் தாளின் ஓரத்தில் 'ஃப்ரெண்ட்ஸ்கிட்ட' என்று எழுதினான். அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து வருகிறார்கள்.

இப்படிக்கு,
மருத்துவ உளவியலாளர் ஒருவர்
(வருகிறவர்களின் நலன் கருதிப் பெயரை வெளியிட வேண்டாம்)